அலி என்னும் சொல்லும் அழைக்கும் நாவும்

மகனுக்கு அலீ என்று பெயர் சூட்டிய தமிழ் முஸ்லிம் தாய்க்கு, அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் ஒரு சிறு கவலை வந்து சேருவதுண்டு. அரபு மொழியில் அப்பெயருக்கு 'உயர்ந்தவர்' என்பது பொருள். வீரத்திற்கும் ஞானத்திற்கும் உறைவிடமாய் விளங்கிய நான்காம் கலீஃபா ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் திருப்பெயர் அது. ஆயினும், ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசித்து அப்பெயரை எட்டியதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். தமிழில் அதே ஒலியுடைய வேறொரு சொல் உண்டு. ஆண் என்றும் பெண் என்றும் வகைப்படாதவரைக் குறிக்க வந்த அச்சொல், இன்று தெருவில் ஏச்சாகத் திரிகிறது. இதற்கு அஞ்சியே பெற்றோர் சிலர் முன்னும் பின்னும் வேறு பெயர்களைச் சேர்த்து வைக்கின்றனர்.

இச்சொல்லைப் பற்றி நாம் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நாம் ஆசிரியப் பணியில் புதிதாக அமர்ந்திருந்த காலம். நம் வகுப்பில் அலீ என்னும் பெயருடைய சிறுவன் ஒருவன் இருந்தான். மென்மையான குரலும் நாணம் மிக்க நடையும் கொண்ட இன்னொரு சிறுவனும் இருந்தான். பிள்ளைகள் அந்த ஒரே சொல்லால் இருவரையும் கேலி செய்தனர். அலீயின் தந்தையார் வந்து முறையிட்டார். நாம் பிரம்பைக் கையிலெடுத்து, அலீ (ரலி) அவர்களின் சிறப்பை ஒரு மணி நேரம் விரித்துரைத்தோம். அவனைக் கேலி செய்வது அன்றோடு நின்றது. மற்றவனுக்காக நாம் ஒரு சொல்லும் பேசவில்லை. 'அச்சொல் அவனுக்குப் பொருந்தத்தானே செய்கிறது' என்று நம் உள்ளம் எண்ணியது. சில திங்களில் அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். பின்பு ஊரை விட்டே போய்விட்டான் என்று கேள்வியுற்றோம்.

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமி மாலை. திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மக்கள் வெள்ளமாகும் என்பதை வாசகர் அறிவர். அப்பாதை அருகே நண்பர் ஒருவரின் கடையில் அமர்ந்திருந்தோம். நாற்பது வயது கடந்த பெண்மணி ஒருவர் வந்து ஸலாம் உரைத்து, "ஹஜ்ரத், என்னைத் தெரிகிறதா?" என்றார். கண்களைக் கொண்டு அடையாளம் கண்டோம். பழைய பையனின் பெயர் நாவின் நுனி வரை வந்தது; விழுங்கிவிட்டு, "உங்களை எப்படி அழைப்பது?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு, ஹஜ்ரத். பம்பாயில் ஹிஜ்டா என்றார்கள். திரும்பி வந்தபோது அரவாணி என்றார்கள். அப்புறம் திருநங்கை என்றார்கள். இப்போது எங்கள் சின்னப் பிள்ளைகள் திருநர் என்கிறார்கள். எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வகுப்பில் ஓர் அலீக்காகப் பேசினீர்களே, அதில் பாதியை எனக்காகவும் பேசியிருக்கலாம்."

அதற்கு விடை சொல்ல அன்று நம்மால் இயலவில்லை. அந்தப் பாதியை இங்கே பேச முயல்கிறோம்.

தமிழ் மரபு கண்ட சொற்கள்

முதலில் இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், உயர்திணையைப் பிரித்துரைக்கும் தொடக்கத்திலேயே ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு இடம் ஒதுக்குகிறது. அப்பெயரைத் தொல்காப்பியர் அஃறிணையில் வைக்கவில்லை. மக்களுக்குரிய உயர்திணையிலேயே வைத்தார். அதற்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைக்கு உரிய ஈறுகளையே அது ஏற்கும் என்றார். அதே இயலில் இன்னும் ஒரு படி சென்று, அப்பெயர் ஆண்பாற் சொல்லோடு முடிதற்கு இடமில்லை என்றும் விலக்கினார். ஆதலின் 'பேடி வந்தாள்' என்பது வழு அன்று. 'வந்தான்' என்பதே வழுவாகும். இன்று நாளேடுகளில் 'அவனா, அவளா' என்று தடுமாறுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இவ்விதியை மேலும் விளக்கினார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால்; ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால். இங்கே அவர் ஆண்ட வினை 'அவாவுதல்' என்பதைக் காண்க. பாலைத் தீர்மானிக்கப் பவணந்தியார் உடலைச் சோதிக்கவில்லை. உள்ளத்தின் நாட்டத்தைக் கேட்கிறார். எனினும் அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு வகையாரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று வேறொரு வாயிலையும் அவர் திறந்து வைத்துவிட்டார். தெருவில் நின்று 'அது வருகிறது பார்' என்பவன் நன்னூல் கற்றவன் அல்லன். ஆயினும் அந்த வாயிலின் வழியே வந்தவன்தான்.

இலக்கியத்திலும் இந்த இருநிலை உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் காமன் ஆடிய பேடு என்பதும் ஒன்று. அங்கே அது கலை. திருக்குறளிலோ, பேடியின் கையிலுள்ள வாள் பயனின்மைக்கு உவமையாக இரண்டிடங்களில் வருகிறது. அங்கே அது கோழைத்தனத்தின் பெயர். உலகம் போற்றும் நூலிலும் ஒரு சாராரின் பெயர் ஏனையோரின் குறையைச் சுட்டப் பயன்பட்டுவிட்டது என்பதைத் திறனாய்வாளர் மறைத்தல் தகாது.

இனி 'அலி' என்ற சொல்லுக்கு வருவோம். நம் ஊர்ச் சைவ அன்பர்கள் மார்கழி விடியலில் பாடும் திருவெம்பாவை, மாணிக்கவாசகர் இவ்வூரிலேயே பாடியது என்பர். அண்ணாமலையானைப் போற்றும் அதன் 18ஆம் பாடலில், இறைவனைப் பெண்ணாகவும் ஆணாகவும் அலியாகவும் வருணித்திருக்கிறார். கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் அர்த்தநாரீசுவர வடிவம் சில நிமிடங்களே வெளிவந்து காட்சி தர, மலையுச்சியில் தீபம் ஏற்றப்படுவதும் இவ்வூர் வழக்கம். அக்கொள்கை நம்முடையது அன்று. இறைவனுக்கு உவமை இல்லை என்பதே நம் ஈமான். ஆயினும் சொல்லின் வரலாற்றை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இந்த ஊரில் ஓர் அருளாளர் வாயில் வணக்கச் சொல்லாக இருந்தது, இதே ஊர்த் தெருவில் வசைச் சொல்லாயிற்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இதற்கிடையில் சொல்லின் எழுத்து மாறவில்லை. மாறியது அதைச் சொல்லும் நாவே.

அரபும் ஃபிக்ஹும்

அரபு மொழியிலும் இவ்வாறே. பிறப்பில் ஆண் பெண் உறுப்பு அடையாளம் தெளிவுறாதவரை 'குன்ஸா' என்பர். நடையிலும் பேச்சிலும் பெண்மை கொண்ட ஆடவரை 'முகன்னஸ்' என்பர். இரண்டிற்கும் வேர் ஒன்றே. மடங்குதல், குழைதல் என்பது அதன் பொருள். நீர் அருந்துவதற்காகத் தோல்துருத்தியின் வாயை வெளிப்புறம் மடிப்பதற்கும் அவ்வேரிலிருந்து பிறந்த சொல்லையே ஹதீஸில் காண்கிறோம். ஆக, அடிப்படையில் அதில் இழிவு ஏதும் இல்லை.

நம் ஃபுகஹாக்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை. முகன்னஸைப் பற்றியும் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இரு வகை பிரித்தார்கள். படைப்பிலேயே அவ்வியல்பு வாய்த்து, வலிந்து மேற்கொள்ளாதவர் மீது பழியோ பாவமோ இல்லை. வேண்டுமென்றே புனைந்து கொள்பவரைப் பற்றியதே கண்டனம் என்றார்கள். நாம் மதரஸாவில் இந்தப் பக்கத்தை ஓதினோம்; பொருள் சொன்னோம்; பரீட்சையும் எழுதினோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வகுப்பறையில் நின்றபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

தொழுகை அணியில் ஆண்கள், சிறுவர்கள் ஆகியோருக்குப் பின்னும் பெண்களுக்கு முன்னும் குன்ஸாவுக்கு இடம் வகுத்தனர் முன்னோர். ஜனாஸாத் தொழுகையின் துஆவில் ஆணுக்கு ஒரு விகுதியும் பெண்ணுக்கு ஒரு விகுதியும் வரும். குன்ஸாவுக்கு என்ன செய்வது? இருபாலுக்கும் பொதுவான அடிமை என்னும் பொருளுடைய சொல்லைக் கொண்டு துஆச் செய்யலாம் என்று ஷாஃபிஈ நூல்கள் வழிகாட்டின. மண்ணுக்குள் போகிறவருக்கும் பொருந்தாத விகுதி சேர்ந்துவிடக் கூடாது என்று சொல் தேடிய மரபு நம்முடையது. மண்ணின் மேல் நடமாடுகிறவருக்கு அந்த அக்கறையை நாம் காட்டினோமா?

இன்றைய திருநங்கையர் அனைவரும் ஃபிக்ஹ் நூல் கூறும் குன்ஸாவே என்று நாம் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை, திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் உலமாக்களிடையே விரிந்த விவாதம் உண்டு. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பணி அன்று. சட்டம் பற்றிய வினா வேறு. ஒருவரை எந்தப் பெயரால் அழைப்பது என்ற வினா வேறு. முன்னதற்கு விடை காணும் வரை பின்னதில் இழிவு செய்துகொண்டிருக்கலாம் என்று எந்தக் கிதாபும் சொல்லவில்லை.

'ஹிஜ்ரா' என்று நாளேடுகள் எழுதும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது நம் 'ஹிஜ்ரத்' தானா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உருதுவில் அச்சொல்லை, அரபியில் இல்லாத நாவளை ஒலி எழுத்தைக் கொண்டு எழுதுகின்றனர். ஆகவே இரண்டும் ஒன்றென்று துணிந்து சொல்வதற்கில்லை. ஆனால் அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துச் சென்ற சொல் ஒன்று உறுதியாக உண்டு. தங்கள் மூத்தோர் கூடி வழக்குத் தீர்க்கும் அவையை அவர்கள் 'ஜமாத்' என்றே வழங்குகின்றனர். நம் ஜமாஅத்தில் இடம் கிடைக்காதவர்கள், நம் சொல்லாலேயே தமக்கென ஒன்றை அமைத்துக் கொண்டனர்.

புதிய சொற்களும் அவற்றின் நிறைகுறையும்

இனி, அண்மைக் காலத்துச் சொற்கள். 1990களில் 'அரவாணி' என்பது பரவிற்று. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரையில் நிகழும் கூத்தாண்டவர் திருவிழாவையும், பாரதக் கதையின் அரவானையும் ஒட்டிப் பிறந்த பெயர் அது. ஏச்சுகளின் நடுவே அது ஆறுதலாக வந்தது. 2008ஆம் ஆண்டு தமிழக அரசு அமைத்த நலவாரியமும் அரவாணிகள் என்னும் பெயரையே தாங்கி நின்றது. ஆனால் அரவானின் கதையில் மணமான மறுநாளே கைம்மை உண்டு. வாழ்நாள் முழுவதும் அத்துயரத்தைப் பெயராகச் சுமப்பானேன் என்று கேட்கலாம். அன்றியும், அக்கதையைச் சமயமாகக் கொள்ளாத முஸ்லிம், கிறிஸ்தவத் திருநங்கையர்க்கு அது இரவல் ஆடையாகவே இருக்கும்.

பின்னர் முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்கள் வழங்கியதாகச் சொல்லப்படும் 'திருநங்கை' என்னும் பெயர் நிலைபெற்றது. இதன் சிறப்பு யாது? அலி, பேடி என்பன ஒன்றின் திரிபையோ இன்மையையோ சுட்டின. திருநங்கை என்பது நிறைவைச் சுட்டுகிறது. நங்கை என்றால் பெண்டிரிற் சிறந்தவள். 'திரு' என்பதோ எச்சமயத்தார்க்கும் பொது. நாமும் திருமறை என்றும் திருநபி என்றும் சொல்கிறோம் அல்லவா? குறை ஒன்று உண்டு: பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்வோரை அது தழுவவில்லை. அக்குறை நீங்கத் 'திருநம்பி' வந்தது. இருவர்க்கும் பொதுவாகத் 'திருநர்' வந்தது.

'மூன்றாம் பாலினம்' என்பதைப் பலர் விரும்பவில்லை. முதற்பால் எது, இரண்டாம் பால் எது, எங்களை மூன்றாவதாக எண்ணியவர் யார் என்பது அவர்களின் கேள்வி. தமிழ் ஆசிரியராக நாம் இன்னொன்றையும் சேர்ப்போம். குறளில் மூன்றாம் பால் என்றால் காமத்துப்பால். இலக்கணத்தில் மூன்றாவதாக எண்ணப்படுவது பலர்பால். அந்தப் பலர்பாற் சொல்லாகிய 'அவர்' என்பதையே தமிழர் ஒருவரை மதித்து அழைக்கவும் ஆள்கின்றனர். அவனா அவளா என்று அறியாத இடத்தில் 'அவர்' என்போமானால் இலக்கணமும் காக்கப்படும், மரியாதையும் காக்கப்படும்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டில், சென்னை உயர்நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பிறப்பிலேயே உடல் அடையாளம் இடைப்பட்டிருப்போரைக் குறிக்கும் 'ஊடுபால்' போன்ற சொற்கள் இன்று வழக்கில் உள்ளன. தெருச்சொல் குழப்பி வைத்த இரண்டை, நம் ஃபுகஹாக்கள் குன்ஸா என்றும் முகன்னஸ் என்றும் பிரித்தது போலவே, புதிய தமிழும் ஊடுபால் என்றும் திருநங்கை என்றும் பிரித்துக் காட்டுகிறது. இரு பிரிவினையும் ஒன்றல்ல. ஆயினும் பிரித்தறியும் முயற்சி ஒன்றே. 'பால்புதுமையர்' என்ற ஆக்கம் மட்டும் நமக்கு நெருடுகிறது. தொல்காப்பியர் அறிந்த மாந்தருள் சிலரையும் அது தழுவும் போது, நேற்றுப் பிறந்தவர் என்று அல்லவா ஒலிக்கிறது? ஆயினும் அச்சொல்லைத் தமக்குரியதாக ஏற்றுக்கொண்டவர் முன் நம் நெருடல் பெரிதன்று.

அவர்களைப் பற்றிய நூல்களிலும் இம்மாற்றம் தெரியும். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' நாவல் (1994) பரிவு மிக்கது. ஆனால் வெளியில் நின்று நோக்கியது. ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' (2004) அவர்களைத் தம் வாயால் பேச வைத்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 2007இல் 'நான் வித்யா' என்றே வந்தது. அத்தலைப்பில் சாதியுமில்லை, பாலுமில்லை, வகைப்பெயர் எதுவும் இல்லை. ஒரு தன்மைப் பெயரும் ஓர் இயற்பெயருமே உள்ளன. அதனைத் தழுவி 2015இல் வெளிவந்த கன்னடப் படத்தின் தலைப்போ 'நான் அவன் அல்லள், அவள்' என்று பொருள்படுவது. தொல்காப்பியர் 'வந்தான்' என்பதை விலக்கியதற்கும் இத்தலைப்புக்கும் இடையே நூற்றாண்டுகள் பல கிடக்கின்றன. சொல்லுகிற செய்தி ஒன்றே. அது பிறர் வகுத்த விதியாக இருந்தது. இப்போது அவரே தம்மைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலமாக வந்திருக்கிறது. 2014 ஏப்ரல் 15இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், தம் பால் யாதெனச் சொல்லும் உரிமை அவரவர்க்கே என்று கூறிற்று.

நாளுக்கு ஒரு சொல்லா?

"ஆண்டுக்கு ஒரு பெயர் மாறினால் எதைத்தான் பழகுவது?" என்று வாசகர் சலித்துக் கொள்ளக்கூடும். நம் கதையை நாம் மறந்துவிடலாகாது. நம்மைத் 'துலுக்கர்' என்றனர். துருக்கர் என்பதன் திரிபாகிய அச்சொல்லில் முதலில் குற்றம் இல்லை. சொன்ன விதத்தில் குற்றம் சேர்ந்தது. ஆங்கிலேயர் 'முகமதியர்' என்று எழுதினர். நாம் முஹம்மது (ஸல்) அவர்களை வணங்குவோர் அல்லர் என்பதால் அதனை மறுத்தோம். 1875இல் முகமதியர் என்ற பெயரோடு தொடங்கிய அலீகர் கல்லூரி, 1920இல் முஸ்லிம் பல்கலைக்கழகம் என்றே ஆயிற்று. அப்போதெல்லாம் நாம் உலகத்திடம் கேட்டது என்ன? எங்களை நாங்கள் அழைத்துக் கொள்ளும் பெயரால் அழையுங்கள் என்பதுதானே! நமக்குக் கேட்டதைப் பிறர் கேட்கும்போது மட்டும் சலிப்பு வரலாமா?

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் ஹுஜுராத், 11ஆம் வசனம், பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் இழிப்பதைத் தடுக்கிறது. அது அருளப்பட்ட சூழலை நபித்தோழர் வாய்மொழியாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. மதீனாவில் பனூ ஸலிமா குலத்தார் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. அண்ணலார் (ஸல்) ஒருவரை ஒரு பெயரால் அழைத்தபோது, 'அவருக்கு அப்பெயர் பிடிக்காது' என்று உடனிருந்தோர் உணர்த்தினர். வசனம் இறங்கிற்று. இங்கே அளவுகோல் யாது? அகராதிப் பொருள் அன்று, அழைக்கப்படுகிறவரின் உள்ளம்.

அண்ணலார் (ஸல்) பெயர்களை மாற்றியும் இருக்கிறார்கள். மாறு செய்பவள் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய பெண்மணிக்கு ஜமீலா என்று சூட்டினார்கள். 'ஹஜ்ன்' – கரடுமுரடு – என்ற பெயருடையவரிடம், இலகு என்னும் பொருளில் 'ஸஹ்ல்' என்று வைத்துக்கொள்ளச் சொன்னபோது, தந்தை இட்ட பெயரை மாற்றேன் என்றார் அவர். அக்கடுமை தம் குடும்பத்தில் தங்கிவிட்டதென்று அவருடைய பேரர் பின்னாளில் வருந்தியதுண்டு. ஆயினும் அண்ணலார் வற்புறுத்தவில்லை. நல்ல பெயரை எடுத்து நீட்டலாம், வலிந்து ஒட்டலாகாது. அரசிதழுக்கும் அறிஞருக்கும் இதில் பாடம் உண்டு. சென்னையில் அச்சாகும் சொல் திருவண்ணாமலைத் தெருவில் வாழும் முதிய திருநங்கைக்கு அந்நியமாகப் படலாம். தம் குரு காலத்துச் சொல்லே அவருக்கு வீடாக இருக்கலாம். இளையவர்க்கு அதே சொல் காயமாக இருக்கலாம். எனவே பட்டியலை மனனம் செய்வதை விட, கேட்டு அழைப்பதே மேல்.

அன்று கடையில் அவர் தம் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை; அது அவருடையது. பழைய பெயரையும் எழுதவில்லை. அதைத் துருவித் தேடும் பத்திரிகை வழக்கம் நமக்கு உடன்பாடன்று. அவர் பெயரைச் சொல்லி, "அன்று பேசாமல் இருந்ததற்கு மன்னியுங்கள்" என்றோம். "அல்லாஹ் போதும், ஹஜ்ரத்" என்று சொல்லிக் கூட்டத்தில் கலந்தார்.

இவ்வாண்டு நம் வகுப்பில் மீண்டும் ஓர் அலீ சேர்ந்திருக்கிறான். முதல் நாள் பெயர் வாசிக்கையில் பின்வரிசையில் அதே சிரிப்பு எழுந்தது. பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, அரபியில் அச்சொல்லின் பொருளைச் சொன்னோம். பிறகு தமிழில் அச்சொல் யாரைக் குறித்தது என்பதையும், அவர்களும் ஆதமின் மக்களே என்பதையும், அவர்களை அச்சொல்லால் அழைப்பது திருமறை விலக்கிய செயல் என்பதையும் சொன்னோம். இம்முறை இரண்டு பாதியையும் பேசினோம். வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் எந்தப் பிள்ளை தனக்காகவும் கேட்டுக்கொண்டிருந்ததோ, இறைவனே அறிவான்.

நம் நாவுகளால் எவர் உள்ளமும் புண்படாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.